உள்ளே நின்று ஊசி வாங்கியவர்

டி.வி.யில் மறுபடியும் புயல் வந்துவிட்டது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்று ஒரு பிள்ளை கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறது. செஞ்சியில் உட்கார்ந்திருக்கிற நமக்கு என்ன என்று என் மருமகள் சேனலை மாற்றிவிட்டாள். அவள் தளம் போட்ட வீட்டில் பிறந்தவள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கடல் நமக்குத் தூரம்தான். ஆனால் கடலில் கிளம்புகிற காற்றுக்கு நம் ஊர் ஒன்றும் தூரமில்லை என்பது அறுபதைத் தாண்டிய உங்களுக்கும் எனக்கும் தெரியும். நம்மில் பாதிப் பேர் கூரை வீட்டில் பிறந்தவர்கள்.

கூரைக்கு அடியில் படுத்துப் புயலைக் கேட்டவர்களுக்கு அதன் வேலை புரியும். முதலில் மேலாகத் தடவும். பிறகு ஏதாவது ஒரு மூலையில் ஒரு கற்றையை மட்டும் தூக்கிப் பார்க்கும். அது வந்துவிட்டால் பக்கத்துக் கற்றைக்குப் போகும். பெரியவர்கள் யாரும் பேசாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கற்றை போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

எங்கள் வீடு சிங்கவரம் போகும் பாதையில் மலையடியில் இருந்தது. மண்சுவர், மஞ்சம்புல் கூரை. ஒரு வேலி தாண்டினால் பெரியப்பா வீடு, அதுவும் அப்படியே. மலைச்சரிவில் புல் காய்ந்து மஞ்சளாக நிற்கும் மாசி, பங்குனியில் நைனாவும் பெரியப்பாவும் போய் அறுத்துக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். ஒரு வருஷம் எங்கள் கூரை, அடுத்த வருஷம் அவர்கள் கூரை. கூலிக்கு ஆள் வைத்து நான் பார்த்ததில்லை.

கூரை வேய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே. மேலே இருப்பவர் புல்லைப் பரப்பி, கயிறு கோத்த குத்தூசியை உள்ளே குத்தி இறக்குவார். கை நீளத்துக்கு இருக்கும் அந்த ஊசி. உள்ளே நிற்பவர் அதை வாங்கி, மூங்கில் கழியைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி மேலே குத்தி அனுப்புவார். மேலே இருப்பவர் இழுத்து முடிச்சுப் போடுவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். உள்ளே இருப்பவர் அண்ணாந்து நிற்பதால், சொல்லாமல் குத்தினால் கண் போய்விடும். அதனால் நைனா மேலிருந்து "குத்துறேன்" என்பார். பெரியப்பா உள்ளிருந்து "வாங்கிட்டேன்" என்பார், பிறகு "இழு" என்பார். நாள் முழுக்க இந்த மூன்று சொல்தான். அண்ணன் தம்பிக்குள் அதற்கு மேல் பேச்சு குறைவு.

எங்களுக்கு அலமாரி கிடையாது. கூரை இறங்கி வந்து சுவரைத் தாண்டித் தொங்கும் எறவாணம்தான் அலமாரி. கதிர் அரிவாள், நைனாவின் சவரக் கத்தி, அம்மா வாரிச் சுருட்டிய முடி, மயிலிறகு, வெள்ளரி விதை முடிந்த துணி எல்லாம் அதில் செருகியிருக்கும். ஒரு தடவை என் கொலுசு ஒன்று காணாமல் போய், என்னை அடித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சந்தேகப்பட்டு, கடைசியில் அதை எறவாணத்தில் செருகியது அம்மாவேதான் என்று தெரிந்தது. அம்மா அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் சொல்ல வந்த வருஷம் ஆவணிக் கடைசியில் நைனா இறந்துபோனார். மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணும் நகமும் மஞ்சளாக ஒரு சாயங்காலம் அடங்கிப் போனார். நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். தம்பி பால் குடிக்கிற பிள்ளை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது பஞ்சாங்கம் பார்க்கப் போன ஒருவர் திரும்பி வந்து, "அவிட்டம்" என்றார். ஒரு நிமிஷம் அழுகையே நின்றுவிட்டது.

அடைப்பு என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அது தனியாகப் போகாது, வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போகும் என்பது நம்பிக்கை. அவிட்டத்துக்கு ஆறு மாதம். அதுவரை வீட்டைப் பூட்டி, வாசலில் விளக்கேற்றி வருவார்கள். பல குடும்பங்களில் அவ்வளவோடு சரி. எங்கள் பங்காளிகளின் வழக்கம் அதைவிடக் கடுமையானது. உடலை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. கூரையைப் பிரித்து அந்த வழியாகத்தான் எடுக்க வேண்டும். பிரித்த இடத்தில் முள்ளை மட்டும் போட்டுவிட்டு ஆறு மாதத்துக்குத் திறந்தே விட வேண்டும், சாவு வெளியே போக வழி வேண்டுமாம். அதற்கு முன்னால் மூடினால், மூடி முடிக்கும்போது உள்ளே யார் நிற்கிறார்களோ அவரைப் பிடித்துக்கொள்ளும்.

கூரையைப் பிரிக்கப் பெரியப்பாதான் ஏறினார். போன பங்குனியில் நைனாவும் அவரும் சேர்ந்து போட்ட முடிச்சுகள். அவிழ்க்க வரவில்லை, அரிவாளால் அறுத்தார். அறுக்க அறுக்கப் புகை படிந்த புல்லும் கரியும் உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் தலையில் கொட்டின. ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வானம் தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் தூக்கிக் கொடுக்க, கூரைமேல் இருந்தவர்கள் நைனாவை வாங்கினார்கள். என் நைனா கூரை வழியாகப் போவதை நான் அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். இத்தனை வயதாகியும் அதை எந்தச் சாவோடும் சேர்த்து வைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் மாட்டுக் கொட்டகையில். ஒரு பக்கம் பசுவும் கன்றும், ஒரு பக்கம் நாங்கள். மூத்திர வாடை முதலில் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. பகலெல்லாம் அம்மா வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கப் போவாள். பொழுது சாயும்போது வந்து பூட்டிய கதவுக்கு முன் அகல் ஏற்றிவிட்டு, அண்ணாந்து வானத்தைப் பார்ப்பாள். புருஷனை நினைத்து வானத்தைப் பார்க்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சேலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா பார்த்தது மேகத்தை. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை பிரித்த இடத்தின் வழியாக நேராக வீட்டுக்குள் விழுந்தது. மண்சுவருக்கு வெளிப்பக்கம் எவ்வளவு மழை அடித்தாலும் எறவாணம் காப்பாற்றும். உள்ளே விழுகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, சுவரின் அடி அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. பின்சுவரில் கையை வைத்தால் மாட்டின் மூக்கைத் தொட்ட மாதிரி ஈரம். தார்ப்பாய் எல்லாம் லாரிக்காரர்களிடம் மட்டும் இருந்த காலம் அது. அம்மா சாக்குகளைத் தைத்துப் போட்டுப் பார்த்தாள், ஒரே காற்றில் அவை புளியமரத்தில் போய்த் தொங்கின.

அம்மா பெரியப்பாவோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். புருஷனுக்கு அண்ணன், மூத்தார். அவர் எதிரில் நிற்கவும் கூடாது. என்னை நடுவில் நிறுத்தித்தான் பேச்சு. அம்மா கொட்டகைக் கால் மறைவில் நிற்பாள். பெரியப்பா வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். இரண்டு பேர் சொல்வதும் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் ஒரு தடவை சொல்லியாக வேண்டும்.

"பெரியப்பாகிட்ட சொல்லு பாப்பா. பின்செவுரு ஊறிப்போச்சு. பரண்ல ஒங்க நைனா அறுத்த புல்லு மீதி இருக்குது. ஒரு அர நாள் வேலதான்."

"ஒங்கம்மாகிட்ட சொல்லு. மாசி முடியட்டும். நானே ஏறி மூடித் தர்றேன்."

"மாசி வரைக்கும் செவுரு நிக்குமான்னு கேளு."

"செவுரு வுழுந்தா எடுத்துக்கலாம். உசுரு போனா எடுத்துக்க முடியுமான்னு கேளு."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அவள் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள். தொண்டூர் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த மாமாவிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "நீ மேல ஏறிக் கட்டு அண்ணே. உள்ள நான் நின்னுக்கறேன். வர்றது எனக்கு வரட்டும்." மாமா கூரையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், சைக்கிள் பெல்லைத் துடைத்தார். "அடுத்தவங்க வம்சத்து அடைப்புல நான் கைய வைக்க மாட்டேம்மா. இன்னாத்துக்கு இந்த வூட்டப் புடிச்சிக்கினு தொங்குற? வுழுந்தா வுழுவட்டும். புள்ளைங்களக் கூட்டிக்கினு நம்ம வூட்டுக்கு வந்துடு" என்றார்.

அவர் போன பிறகு அம்மா சொன்னாள். "அண்ணன் வூட்ல ஒரு பொங்கலுக்கு இருக்கலாம். ஆயுசுக்கும் இருக்க முடியாது பாப்பா." அவள் கண்ணில் இருந்தது பயம் என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்தது. அந்த வீடு விழுந்தால் எங்களுக்குச் செஞ்சியில் கால் வைக்க இடமில்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில், யாரோ போடுகிற சோற்றில், அம்மா தலை குனிந்து வாழ வேண்டும். அதைவிட வேறு என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும் என்ற இடத்துக்கு அவள் வந்திருந்தாள்.

கார்த்திகையில் டீக்கடை ரேடியோ புயல் என்றது. அன்று காலை வானம் துருப்பிடித்த தகரம் மாதிரி இருந்தது. ராஜகிரி மேல் கோட்டைச் சுவர் தெரியவில்லை. காக்கைகள் பாறை இடுக்குகளில் போய் அடைந்துகொண்டன. பின்சுவர் உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்ததை அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். தம்பியைக் கொட்டகையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, கொட்டகைப் பரணில் இருந்த புல்லை எல்லாம் இறக்கினாள். முந்தானையில் இருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். சேலையைக் காலுக்கு நடுவே இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

புருஷன் செத்து மூன்று மாதம் ஆகாத பெண் கூரை உச்சியில் நிற்கிறாள். தெருவே வந்து தூரமாக நின்று பார்த்தது. ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

நான் ஏணி நடுவில் நின்று கற்றை கற்றையாகத் தூக்கிக் கொடுத்தேன். அம்மா முள்ளைத் தள்ளிவிட்டுப் புல்லைப் பரப்பி ஊசியைக் குத்துவாள். பிறகு இறங்கி ஓடி, வீட்டுக்குள் போய் ஊசியைக் கழியைச் சுற்றி மேலே குத்திவிட்டு, வெளியே ஓடிவந்து மறுபடி ஏறி இழுத்துக் கட்டுவாள். அடைப்பு வீட்டுக்குள் என்னை அனுப்பாமல் தானே போய்ப் போய் வந்தாள். ஒரு முடிச்சு விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. அதற்குள் காற்று வலுத்துவிட்டது. அவள் உள்ளே போன நேரத்தில் மேலே கட்டாமல் இருந்த புல்லைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. மறுபடி பரப்பினாள், மறுபடி போனது. மூன்றாவது தடவை அம்மா கூரைமேல் அப்படியே குந்திவிட்டாள். அழுகிறாளா மழையா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் உள்ள போறேம்மா" என்றேன்.

"வேணாம்."

"நைனா வூட்லதானம்மா நிக்கப் போறேன்."

அம்மா புல்லின்மேல் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் எல்லாம் போய்விடும். வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது.

நான் இறங்கி வாசற்படிக்குப் போனபோது பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். பெரியப்பா. வேலியைத் தாண்டி ஓடிவந்திருந்தார், காலில் முள் கிழித்து ரத்தம்.

"எங்க போற?"

"ஊசி வாங்க."

அவர் மேலே பார்த்தார். "எறங்கச் சொல்லு ஒங்கம்மாவ" என்றார். நான் சொல்வதற்குள் மேலிருந்து அம்மா கத்தினாள். "செவுரு சாஞ்சிருச்சின்னு சொல்லு. நான் எறங்க மாட்டேன்னு சொல்லு." அந்தக் காற்றில் நான் நடுவில் நின்று திருப்பிச் சொன்ன எதுவும் யார் காதிலும் விழுந்திருக்காது. பெரியப்பா சாய்ந்த சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலையில் கையை வைத்து ஈரத்தை வழித்துவிட்டார்.

"நீ இங்கயே நின்னு புல்லு குடு. நான் கூப்புட்டாலும் உள்ள வராத" என்று சொல்லிவிட்டு, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து அந்தக் கதவுக்குள் போனார்.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "குத்தும்மா."

மேலே அம்மா அசையாமல் இருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளோடு நேராகப் பேசிய முதல் சொல் அது. "குத்தும்மா, காத்து வருது" என்று மறுபடி குரல் வந்தது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "குத்துறேன்" என்றாள். "வாங்கிட்டேன்." "இழும்மா." அதன் பிறகு வேலை நிற்கவில்லை. மழை பக்கவாட்டில் அடித்தது. கயிறு அம்மாவின் உள்ளங்கையை அறுத்தது, புல்லில் ரத்தம் பட்டு மழையில் கரைந்தது. கடைசி முடிச்சை அம்மா போட்டபோது உள்ளே முழுக்க இருட்டியிருக்கும். "முடிஞ்சிருச்சி" என்று அம்மா சொன்னாள்.

பெரியப்பா வெளியே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய், கொட்டுகிற மழையில் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார், சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் குளிப்பது மாதிரி. பிறகு ஈரத் துணியோடு மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் நடந்துபோனார். அவர் வீடு இருந்தது எதிர்ப்பக்கம்.

புயல் போய்விட்டது. தெருவில் பாதிச் சுவர்கள் உட்கார்ந்துவிட்டன. எங்கள் பின்சுவர் சாய்ந்தபடியே நின்றது. அம்மா பிறகு அதற்கு முட்டுக் கொடுத்தாள். வீட்டை மறுபடி பூட்டினாள்.

அன்றிலிருந்து பெரியப்பா எங்கள் பக்கம் வருவதே இல்லை. முன்பெல்லாம் காலையில் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று "பாப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்பார். அதுவும் நின்றது. நான் எதிரே போனால் வேறு பாதையில் திரும்பிவிடுவார். அவர் வீட்டிலும் படுப்பதில்லை. மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை உண்டு. அதன் அடியில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருப்பார், மழை வந்தாலும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கேயே. உழவு மாடு இரண்டையும் மூத்த மருமகன் வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஒரு நாள் செஞ்சிக்குப் போய் ஸ்டூடியோவில் தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். யாரிடமோ இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான்.

அம்மாவுக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி செத்து வருசம் திரும்பல, மைனர் மாதிரி போட்டோ எடுத்துக்கறாரு" என்றாள். அவளுடைய உண்மையான கோபம் வேறு. கொட்டகையில் அடுப்பு ஊதிக்கொண்டே அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வாள்.

"அடைப்பு அடைப்புன்னு எத்தன நாள் என்னப் பயங்காட்டினாரு? கடைசியில அவரே உள்ள போயி நின்னாரே, பயந்தவரு போவாரா? இன்னா ஆச்சி அவருக்கு? நல்லாத்தான இருக்குறாரு. அப்ப அதெல்லாம் என்ன வெரட்டறதுக்குச் சொன்னதுதான? செவுரு வுழுந்து நாம போயிட்டா எடத்த வளைச்சிக்கலாம்னு பாத்தாரு. தெருவே வேடிக்கை பாக்கவும் மானம் போவுதேன்னு ஓடியாந்தாரு."

அதுவரை அம்மா எது செய்தாலும் ஒரு கிண்ணம் என் கையில் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்புவாள். கருவாட்டுக் குழம்பு என்றால் அவருக்கு உயிர். அந்தக் கிண்ணம் நின்றுபோனது. கொல்லைக்குப் போகும்போது அந்தப் பாறையைக் கடந்துதான் போக வேண்டும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். நானும் அவளைப் பார்த்துத் திருப்பிக்கொள்வேன். அவர் எங்களைக் கண்டதும் இன்னும் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வார். கோபம் தீரவில்லை என்று இரண்டு பக்கமும் ஊர் முடிவு கட்டியது.

மாசிக் கடைசியில் அடைப்பு முடிந்தது. ஐயர் வந்து தண்ணீர் தெளித்தார், பங்காளிகள் வந்தார்கள், வாசல் வழியாக நாங்கள் வீட்டுக்குள் போனோம். பெரியப்பாவும் வந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தார். பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சோறு வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். என் தம்பியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவன் தொப்பையில் வாயை வைத்து ஊதினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "வெக்கமே இல்லாம எப்டித் தின்றாரு பாரு" என்று அம்மா என் காதில் சொன்னாள்.

அதன் பிறகும் அவர் வெகுகாலம் இருந்தார். எங்கள் கூரையை வேய்ந்து கொடுத்தார், உள்ளே நிற்க ஆள் கூட்டிவந்து, அவர் மேலே ஏறி. பிறகு ஓடு வந்தது, தளம் வந்தது. என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினார். அம்மா மரியாதைக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் அவளுக்கும் அவருக்கும் நடுவில் பேச்சு திரும்பவும் என் வழியாகவும், பிறகு தம்பி வழியாகவும்தான். அந்தப் புயலில் பேசிய சொற்களோடு சரி.

போன வருஷம் பெரியப்பா இறந்தார். நல்ல சாவு, தூக்கத்தில். இப்போது என்னோடு இருக்கும் அம்மாவுக்கு முட்டி போய்விட்டதால் அவள் வரவில்லை, நான் போனேன். உடலுக்குத் தலைமாட்டில் மாலை போட்டு வைத்திருந்த போட்டோவில் நரை விழாத ஒரு ஆள், வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் இது யார் என்று கேட்டார்கள். வேறு போட்டோவே கிடைக்கவில்லையா என்று நான் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"அவரு இதுக்குன்னே எடுத்ததுதான் பாப்பா" என்றாள் பெரியம்மா. "ஒங்க கூரைய மூடிட்டு வந்தாரே, அன்னிக்கி வூட்டுக்குள்ள வரல. வாசல்ல நின்னுக்கினே சொன்னாரு, எனக்கு நாள் குறிச்சாச்சி, என்கூட ஒரே கூரைக்குக் கீழ யாரும் இருக்கக் கூடாது, வந்தா என்னோட போவட்டும்னு. பாறைக்குப் போயிட்டாரு. மாட்டக் குடுத்தாரு, போட்டோ எடுத்தாரு. மாசி வரைக்கும் தெனம் காலைல எழுந்து, இன்னிக்கும் இருக்குறனேன்னு கைய கைய பாத்துக்குவாரு. ஒங்க அம்மாவுக்குச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. தெரிஞ்சா அது மனசொடிஞ்சிடும், புள்ளைங்கள வச்சிருக்குதேன்னு."

அவர் கடைசி வரை அந்த அடைப்பை நம்பினார் என்பதை நாங்கள் ஒருவரும் யோசித்தே பார்க்கவில்லை. பயமில்லாதவர்தான் உள்ளே போவார் என்று அம்மா நினைத்தாள். நாங்களும் அப்படியே நினைத்தோம். அவர் எங்களைக் கண்டு விலகி விலகிப் போனதெல்லாம் எங்கள்மேல் அது பட்டுவிடக் கூடாது என்றுதான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மேலருந்து எனக்கு அவரு மூஞ்சி தெரியலியே பாப்பா" என்றாள்.

"தெரிஞ்சிருந்தா எறங்கியிருப்பியாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அம்மா தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்" என்றாள். "ஒங்க ரெண்டு பேர வச்சிக்கினு நான் எப்டி எறங்குவேன்? ஆனா அந்தப் பாறைக்குத் தெனம் சோறு குடுத்தனுப்பியிருப்பேன்."